சங்கம் சேர்த்த ஹாக்கி வீரர் டக் ஹார்வி

ஹாக்கி என்றால் நமக்கு ஞாபகம் வருபவர் தியான் சந்த். மாண்ட்ரியால் என்றால் ஞாபகம் வருவது 1976 ஒலிம்பிக். செயற்கைப் புல்தரையில் முதன்முதலாக நடந்த அந்த ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா 7-வது இடத்துக்குத் தள்ளப்பட்டதை நம்மவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் கனடா நாட்டின் அந்த மாண்ட்ரியால் நகரத்தில் ஹாக்கி என்று சொன்னால், அங்குள்ளவர்கள் வேறொரு ஆட்டத்தைத்தான் நினைப்பார்கள். அது பனிக்கட்டித் தரையில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கி. அந்த ஆட்டத்தில் அந்த நகரம் பெற்றெடுத்த மாபெரும் வீரர்களில் ஒருவர் டக் ஹார்வி.

அவர் 6 முறை ஸ்டான்லி கோப்பை வென்ற அணியில் ஆடியவர். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை 7 முறை பெற்றவர். இவ்வளவு புகழும் பெற்றவர், தம்மோடு ஆடியவர்களுக்காக ஒரு சங்கம் அமைக்க முன்வந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

ஆட்டம் எப்படி?

ஐஸ் ஹாக்கி ஆடுகளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனிக்கட்டித் தரை. சுற்றிலும் பலகைத் தடுப்பு. ஒவ்வொரு பக்கமும் கோல் கீப்பரையும் சேர்த்து 6 பேர்தான். பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் ஓர் அங்குல கனமும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. அதற்குப் பக் என்று பெயர். காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின் மீது வழுக்கிக்கொண்டே ஆட்டக்காரர்கள் பறப்பார்கள். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். தவறு செய்தவர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த 2 நிமிடமும் அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

கோல் கீப்பருக்கு முன்னால் நின்று காவல் காக்கும் இருவர்தான் தடுப்பாட்டக்காரர்கள். நம் ஹாக்கியிலும் கால்பந்திலும் புல்பேக் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலை. எதிரியை இடித்து நிறுத்துவது, பக்கை எப்படியாவது தூரத் தள்ளிவிடுவது, இவ்வளவுதான் அவர்கள் கடமை என்று வெகுகாலம் கருதப்பட்டது. அந்தக் கருத்தை மாற்றிக் காட்டியவர் ஹார்வி.

இளமை

டக்ளஸ் ஹார்வி 1924-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி மாண்ட்ரியாலில் பிறந்தார். நகரின் மேற்கே உள்ள நாட்டர்டாம் டி கிராஸ் என்ற பகுதியில் வளர்ந்தார். அவருக்கு வராத விளையாட்டு இல்லை. குளிர்காலத்தில் ஹாக்கி, கோடையில் பேஸ்பால், இடையில் கனடா பாணிக் கால்பந்து. இரண்டாம் உலகப் போரின்போது கனடா கடற்படையில் சேர்ந்தார். அங்கே குத்துச்சண்டையிலும் பெயர் வாங்கினார்.

போர் முடிந்ததும் மாண்ட்ரியால் ராயல்ஸ் என்ற அணிக்கு ஆடினார். 1947-ல் அந்த அணி கனடாவின் அமெச்சூர் சாம்பியன் அணிக்கு உரிய ஆலன் கோப்பையை வென்றது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், தேசிய ஹாக்கி லீக்கைச் சேர்ந்த மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. தொழில்முறை ஆட்டக்காரரான பின்பும் சில ஆண்டுகள் கோடை தோறும் ஆட்டவா நகர அணிக்குப் பேஸ்பால் ஆடினார். 1949-ல் அந்த லீக்கின் பேட்டிங் சராசரியில் அவரே முதல்வர். பேஸ்பாலே பிழைப்பாகக் கொள்ளவும் அவருக்கு வழி இருந்தது. அவர் பனித்தரையையே தேர்ந்தெடுத்தார்.

அவசரப்படாத மனிதர்

ஹார்வியின் ஆட்டம் ஆரம்பத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. காரணம், அவர் அவசரப்படவே மாட்டார். எதிரிகள் மூன்று பேர் பாய்ந்து வரும்போதும், சொந்த கோலின் முன்னால் பக்கை வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் உலாவுகிறவரைப் போல நிற்பார். பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். சொந்த கோலின் குறுக்கே பக்கைத் தள்ளக் கூடாது என்பது பள்ளிப் பையனுக்கும் சொல்லித் தரும் பாடம். ஹார்வி அதையும் தயங்காமல் செய்வார்.

நாளடைவில்தான் அதன் சூட்சுமம் விளங்கியது. அவர் நின்றால் எதிரிகள் அவரை நோக்கி வருவார்கள். வந்தால் அவர்கள் விட்டு வந்த இடம் காலியாகும். அந்தக் காலி இடத்தை நோக்கி ஓடும் தம் அணியின் பார்வர்டு ஆட்டக்காரருடைய மட்டைக்கே போய்ச் சேரும்படி பக்கை அனுப்பிவிடுவார். வேகமாக ஆட வேண்டும் என்றால் அவர் அணி வேகமாக ஆடும். முன்னணியில் இருக்கும்போது நிதானம் வேண்டும் என்றால், பக்கைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆற அமரச் செய்துவிடுவார். ஆட்டத்தின் கடிகாரம் அவர் கையில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மோரீஸ் ரிச்சர்டு, ஜான் பெலிவோ, பெர்னி ஜெப்ரியன் ஆகிய கோல் மன்னர்கள் நிறைந்த அணி அது. அவர்களுக்குப் பக்கைப் பரிமாறிய கை ஹார்வியுடையது. லீக்கில் அவர் ஆடிய 1113 ஆட்டங்களில் அவர் அடித்த கோல் 88 மட்டுமே. மற்றவர்கள் கோல் போடத் துணையாக இருந்தது 452 தடவை. அவருடைய குணத்தை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

விதியே மாறியது

அந்தக் காலத்தில் தவறு செய்து வெளியேறியவர், தம் அணி எத்தனை கோல் வாங்கினாலும் 2 நிமிடமும் வெளியேதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மாண்ட்ரியால் அணி பின்னால் ஹார்வியையும் முன்னால் கோல் மன்னர்களையும் நிறுத்தி எதிரிகளைத் திணற அடித்தது. 1955 நவம்பர் 5-ந் தேதி பாஸ்டன் அணிக்கு எதிராக பெலிவோ 44 விநாடிகளில் 3 கோல் போட்டார். பாஸ்டன் ஆட்டக்காரர்கள் தண்டனைக்காக வெளியே உட்கார்ந்திருந்த நேரம் அது. இப்படியே போனால் ஆட்டத்தில் ருசி இருக்காது என்று லீக் முடிவு செய்தது. 1956-ல் விதி திருத்தப்பட்டது. ஒரு கோல் விழுந்ததும் சிறு தவறுக்காக வெளியே இருப்பவர் உள்ளே வந்துவிடலாம் என்ற விதி அப்போது பிறந்தது. இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது.

மாண்ட்ரியால் 1953-ல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. பிறகு 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் வென்றது. தொடர்ந்து 5 முறை வென்ற அணி அதற்கு முன்னும் இல்லை. அதற்குப் பின்னும் இல்லை. நாரிஸ் கோப்பை ஹார்விக்கு 1955-லிருந்து 1958 வரை நான்கு முறை, பிறகு 1960, 1961, 1962 என மூன்று முறை கிடைத்தது. இடையில் 1959-ல் மட்டும் தவறியது. அதைப் பெற்றவரும் அவரோடு ஆடிய டாம் ஜான்சன்தான்.

சறுக்கல்களும் உண்டு

1954 இறுதிப் போட்டியில் மாண்ட்ரியாலும் டெட்ராய்ட்டும் தலா 3 ஆட்டங்கள் வென்றிருந்தன. ஏழாவது ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. டெட்ராய்ட் வீரர் டோனி லெஸ்விக் உயரத் தூக்கி அடித்த பக்கை ஹார்வி கையுறையால் தட்டிவிட முயன்றார். அது அவர் கையில் பட்டுத் திசை மாறி, சொந்த கோலுக்குள்ளேயே விழுந்தது. கோப்பை டெட்ராய்ட்டுக்குப் போயிற்று.

இன்னொரு சம்பவம் அவருடைய பெயருக்குக் களங்கம். 1956-ல் நியூயார்க் வீரர் ரெட் சல்லிவனை அவர் மட்டை நுனியால் வயிற்றில் குத்தினார். சல்லிவனின் மண்ணீரல் கிழிந்தது. பாதிரியாரை அழைத்து இறுதிச் சடங்கு ஜெபம் சொல்லும் அளவுக்கு நிலைமை மோசமாயிற்று. நல்ல வேளையாக சல்லிவன் பிழைத்து, மீண்டும் ஆட வந்தார். பனித்தரையில் ஹார்வி சாது அல்ல. அந்த ஆட்டமும் அன்று சாதுக்களுக்கு உரியதாக இல்லை.

முதலாளிகளும் ஆட்டக்காரர்களும்

அன்று லீக்கில் இருந்தவை 6 அணிகளே. மாண்ட்ரியால், டொரொண்டோ, டெட்ராய்ட், சிகாகோ, பாஸ்டன், நியூயார்க். ஆக மொத்தம் சுமார் 120 ஆட்டக்காரர்களுக்குத்தான் வேலை. ஓர் அணியில் கையெழுத்துப் போட்டவர், அந்த அணி விட்டால் ஒழிய வேறு அணிக்குப் போக முடியாது. சம்பளம் முதலாளி சொன்னதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன சம்பளம் என்றுகூடத் தெரியாது. முறுமுறுத்தால் கீழ் லீக்குக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த இடத்துக்கு வர நூறு பேர் காத்திருப்பார்கள்.

1947-ல் ஓய்வூதிய நிதி ஒன்று தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆண்டுக்கு 900 டாலர் கட்ட வேண்டும். சாதாரண ஆட்டக்காரருக்கு அது பெரிய தொகை. ஆனால் நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எப்படி முதலீடு செய்யப்படுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. அதற்குள் டெலிவிஷனும் வந்துவிட்டது. அதில் வரும் பணத்திலும் ஆட்டக்காரர்களுக்குப் பங்கு இல்லை.

இந்தக் கணக்கைக் கேட்டவர் டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே. அவருக்கும் ஹார்விக்கும் பனித்தரையில் ஆகவே ஆகாது. எதிர் அணி ஆட்டக்காரரோடு பேசுவதே துரோகம் என்று கருதப்பட்ட காலம் அது. ஆனாலும் லிண்ட்சே ஹார்வியிடம் வந்தார். ஹார்வி பின்வாங்கவில்லை. பேஸ்பால் ஆட்டக்காரர்களின் சங்கத்துக்கு உதவிய வக்கீல்களை நாடினார்கள். ஒவ்வோர் அணியாக, ஒவ்வொருவராக, ரகசியமாகப் பேசி ஆதரவு திரட்டினார்கள்.

1957 பிப்ரவரி 11-ந் தேதி நியூயார்க்கில் சங்கம் அறிவிக்கப்பட்டது. தலைவர் லிண்ட்சே, உப தலைவர்களில் முக்கியமானவர் ஹார்வி. ஏறக்குறைய எல்லா ஆட்டக்காரர்களும் உறுப்பினராகிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் ஹார்விக்கு இந்தச் சங்கத்தால் சொந்த லாபம் ஒன்றும் இல்லை. லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் அவர். அவரை யாரும் கீழ் லீக்குக்கு அனுப்பப் போவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பத்தொன்பதாவது ஆளுக்காகத்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

தண்டனை மாற்றல்

தொழிற்சங்கம் நடத்திப் பழகியவர்களுக்கு அடுத்து நடந்தது புதிதாக இராது. 1957 கோடையில் லிண்ட்சே சிகாகோவுக்கு மாற்றப்பட்டார். அவர் வாழ்நாளிலேயே மிக நன்றாக ஆடி 85 புள்ளிகள் எடுத்த சீசன் அப்போதுதான் முடிந்திருந்தது. சிகாகோவோ பட்டியலின் அடியில் கிடந்த அணி. டொரொண்டோவில் சங்க வேலை பார்த்த ஜிம் தாம்சனும் அதே சிகாகோவுக்கு விற்கப்பட்டார். சங்கம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. ஆனால் நவம்பரில் டெட்ராய்ட் ஆட்டக்காரர்கள் சங்கத்திலிருந்து விலகினார்கள். அதோடு சங்கத்தின் முதுகெலும்பு முறிந்தது. 1958 பிப்ரவரியில் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது. குறைந்தபட்ச சம்பளம் 7000 டாலர், ஓய்வூதிய நிதிக்கு முதலாளிகளின் கூடுதல் பங்கு ஆகிய சில சலுகைகள் கிடைத்தன. சங்கம் மறைந்தது.

ஹார்வியை மட்டும் உடனே தொடவில்லை. கோப்பைக்கு மேல் கோப்பை வாங்கிக் கொடுக்கும் ஆளை எந்த முதலாளி அனுப்புவார்? 1960-ல் மோரீஸ் ரிச்சர்டு ஓய்வு பெற்றதும் ஹார்வியே கேப்டன் ஆனார். ஆனால் 1961 அரை இறுதியில் சிகாகோவிடம் மாண்ட்ரியால் தோற்றது. ஹார்விக்கு அப்போது வயது 36. அந்த ஆண்டின் நாரிஸ் கோப்பையும் அவருக்கே கிடைத்திருந்தது. அப்படி இருந்தும் ஜூன் மாதம் அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலாக லூ பான்டினாட்டோ என்ற வீரரை வாங்கிக்கொண்டார்கள்.

வயதாகிவிட்டது என்று அணி நிர்வாகம் கருதியிருக்கலாம். சங்கத்துக்காகவே தாம் பழிவாங்கப்பட்டதாக ஹார்வி கடைசி வரை நம்பினார். பிறந்த ஊரை, 14 ஆண்டுகள் ஆடிய அணியை விட்டுப் போனது அவர் மனத்தில் ஆறாத புண்ணாக நின்றுவிட்டது.

நியூயார்க்கில் அவர் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக இருந்தார். நான்கு ஆண்டுகளில் முதல் தடவையாக அந்த அணி கோப்பைச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. ஹார்விக்கு 7-வது நாரிஸ் கோப்பை கிடைத்தது. ஆனால் ஓர் ஆண்டிலேயே பயிற்சியாளர் பதவியை உதறினார். சக ஆட்டக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சிரித்துப் பேச முடியாமல், மேலதிகாரியாகத் தனித்து நிற்பது அவருக்கு ஒத்துவரவில்லை. மேலும் சுமார் ஓராண்டு ஆட்டக்காரராக மட்டும் இருந்தார். 1963 நவம்பரில் நியூயார்க் அவரை விடுவித்தது.

ஊர் ஊராக

அதன் பிறகு அவர் வாழ்க்கை ஒரு நீண்ட பயணம். செயின்ட்பால், கியூபெக், பால்டிமோர், பிட்ஸ்பர்க், கான்சாஸ் சிட்டி என்று கீழ் லீக் அணிகளில் ஊர் ஊராக ஆடினார். லீக்கின் முடிசூடா மன்னராக இருந்தவர், தம் வயதில் பாதி உள்ள பையன்களோடு பஸ்ஸில் போய் ஆடினார். சம்பளத்துக்காக ஆடினார் என்பது ஒரு பக்கம். ஆடாமல் இருக்க முடியவில்லை என்பது இன்னொரு பக்கம்.

1967-ல் லீக்கில் 6 புதிய அணிகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்றான செயின்ட்லூயி ப்ளூஸ், 1968 கோப்பைச் சுற்றின் நடுவில் ஹார்வியை அழைத்தது. அந்த அணி இறுதிப் போட்டி வரை முன்னேறியது. அங்கே எதிரில் நின்றது மாண்ட்ரியால். நான்கு ஆட்டங்களிலும் ப்ளூஸ் தோற்றது. ஆனால் நான்கிலுமே வித்தியாசம் ஒரே ஒரு கோல்தான். அடுத்த சீசனில் 70 ஆட்டங்கள் ஆடிவிட்டு, 44-வது வயதில் ஹார்வி மட்டையைக் கீழே வைத்தார்.

ஹார்வியும் குடியும் பிரிக்க முடியாதவை என்று ஊர் பேசியது. ஆட்டக் காலத்திலேயே தொடங்கிய பழக்கம், ஆட்டம் நின்றதும் ஆளையே விழுங்கிற்று. பயிற்சியாளர், ஆள் தேடுபவர் என்று சில வேலைகள் கிடைத்தன, எதுவும் நிலைக்கவில்லை. ஹாக்கிப் பெருமைக்கூடத்தில் 1972-ல் அவர் பெயர் சேரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சேரவில்லை. குடிதான் காரணம் என்று கருதப்பட்டது. அடுத்த ஆண்டு 1973-ல் சேர்த்தபோது, விழாவுக்கு வராமல் மீன் பிடிக்கப் போய்விட்டார். கௌரவத்தைக் காலத்தில் கொடுக்காதவர்களுக்கு அவர் காட்டிய கோபம் அது.

1980-களில் ஆட்டவா அருகே ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் வேலை பார்த்தார். அங்கே அவர் குடியிருந்தது ஒரு பழைய ரயில் பெட்டி. கனடாவின் பிரதமராக இருந்த டீபன்பேக்கர் ஒரு காலத்தில் உபயோகித்த பெட்டி அது. தண்டவாளத்தில் ஓடும் காலம் முடிந்து ஓரமாக நின்ற அந்தப் பெட்டியில், மாண்ட்ரியாலின் பழைய கேப்டன் காலம் தள்ளினார்.

1985 அக்டோபர் 26-ந் தேதி மாண்ட்ரியால் அணி அவரை அழைத்து மரியாதை செய்தது. அவர் அணிந்த 2-ம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்து, அதை அரங்கத்தின் கூரையில் ஏற்றியது. புதிய ஆட்டக்காரர்களைத் தேடும் வேலையும் அணியில் கொடுக்கப்பட்டது. அவர் ஊரை விட்டுப் போய் 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1989 டிசம்பர் 26-ந் தேதி, 65 வயது நிறைந்து ஒரு வாரத்தில், கல்லீரல் நோயால் மாண்ட்ரியால் மருத்துவமனையில் அவர் காலமானார்.

பிறகு வந்த தீர்ப்பு

இப்போது அவர் வளர்ந்த பகுதியில் ஓர் ஐஸ் ஹாக்கி அரங்கம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 2000-ம் ஆண்டில் கனடா தபால் துறை அவர் படத்துடன் தபால் தலை வெளியிட்டது. தடுப்பாட்டக்காரர் என்பவர் கோலைக் காப்பதோடு நிற்காமல் ஆட்டத்தையே நடத்த வேண்டும் என்று இன்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த வழியை அகலமாக்கிக் காட்டியவர் ஹார்வி.

சங்கமும் வீணாகவில்லை. 1967-ல் ஆட்டக்காரர்கள் மீண்டும் கூடி அமைத்த சங்கம் நிலைத்து நின்றது. முதல் தலைவர் லிண்ட்சேயின் பெயரில் 2010 முதல் ஒரு விருது வழங்கப்படுகிறது. சிறந்த வீரர் யார் என்று ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது அது. லிண்ட்சே 2019 வரை வாழ்ந்து அதைக் கண்ணால் கண்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஓய்வூதியக் கணக்கு. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் அதே நிதியைப் பற்றிக் கோர்ட்டுக்குப் போனார்கள். நிதியில் மிஞ்சிய தொகை ஆட்டக்காரர்களுக்கே சொந்தம் என்று 1992-ல் ஒண்டாரியோ கோர்ட் தீர்ப்பளித்தது. லீக் மேல்முறையீடு செய்தது. 1994-ல் கனடா சுப்ரீம் கோர்ட் வழக்கை ஏற்க மறுத்ததோடு அந்தத் தீர்ப்பு உறுதியாயிற்று. பழைய ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டியதாக முடிவான தொகை 4 கோடி டாலருக்கு மேல்.

கணக்கைக் காட்டுங்கள் என்று 1957-ல் லிண்ட்சேயும் ஹார்வியும் கேட்டார்கள். 35 ஆண்டுகள் கழித்துக் கணக்கு வெளியே வந்தது. ஹார்வி இறந்து அப்போது 3 ஆண்டுகள் ஆகப் போகின்றன. வாழ்நாள் முழுதும் பக்கை அடுத்தவருக்குக் கொடுத்தே ஆடியவர் அவர். இந்த கோலும் மற்றவர்கள் கணக்கில்தான் விழுந்தது.